இறால் மேல் போட்ட பழி

பழவேற்காட்டில் என் சாச்சி வீட்டுக் குளியலறை ஜன்னலில், கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய டூத் பிரஷ் எப்போதும் செருகியிருக்கும். பச்சைக் கைப்பிடி. நார்கள் மட்டும் தாரில் தோய்த்ததுபோல் கறுத்து விறைத்துப் போயிருக்கும். அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. சாச்சி தலைக்கு டை அடிக்கிற பிரஷ் அது. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அதன் முன்னால் ஒரு துண்டு தொங்கும். அவளுடைய கைக்கு எட்டாத பின்மண்டையில் பூசிவிடுவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அவளை முக்காலியில் உட்கார வைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பூசுவேன். மூக்கைத் துளைக்கிற நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். சாச்சி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையைப் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

சாச்சி என்றால் என் அம்மாவின் தங்கை. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பாதி நாள் நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். அவள் புருஷன், என் சாச்சா, துபாயில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். சாச்சிக்கு முப்பது வயதுக்கு முன்பே நரை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்துத் தலைகளே அப்படித்தான். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. சாச்சியால் அப்படி இருக்க முடியவில்லை. ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டபோது, “போம்போது எப்டி வுட்டுட்டுப் போனாரோ, வரும்போதும் அப்டித்தானடி இருக்கணும்” என்றாள். ஏதோ அவர் அவளைப் பூட்டிவைத்துவிட்டுப் போன மாதிரியும், திரும்பி வந்து சரிபார்ப்பார் என்பது மாதிரியும் இருந்தது அந்தப் பேச்சு. அந்த வயதில் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவர் வருவதற்கு முன்பு ஒரு தடவை பூசினால் போதாது. ஊரில் இருக்கும் இரண்டு மாதமும் வேர் வெளுத்துக்கொண்டே இருக்குமே. வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஜும்மா தொழுகைக்குப் போகிற நேரம்தான் எங்களுக்கு வாய்த்த நேரம். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடிவந்துவிடுவேன். அவர் தெருமுனை திரும்பியதும் சாச்சி துண்டை விலக்கி பிரஷை எடுப்பாள். திரும்பி வருவதற்குள் பூசி, ஊறி, அலசி, முக்காடு போட்டு, சோறும் பரிமாறிவிடுவாள். அவசரத்தில் கையுறை போட்டுக்கொள்ள மாட்டாள். நகமெல்லாம் கறுத்துவிடும். அதை மறைக்க அன்றைக்கே மருதாணி அரைத்து நகத்தில் அப்பிக்கொள்வாள். பண்டிகை இல்லை, கல்யாணம் இல்லை, எப்போது பார்த்தாலும் மருதாணி வைத்த விரல். சாச்சாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தனக்காக வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அதுவும் பொய்யில்லைதான்.

நான் காலேஜில் சேர்ந்த புதிதில் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு போய் நின்றேன். சாச்சி என் விரலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் திட்டினாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் இறங்காது, அந்த வாடையே ஆகாது, நாளைக்கு நகம் மஞ்சள் பூத்து உரியும், மருதாணிக்கு என்னடி குறை என்றாள். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அதைச் சொன்னவளின் நெற்றியோரம் முழுக்க டை பட்டு வெந்த தழும்பு. என் நகத்துக்கு ஆகாதது உன் தலைக்கு மட்டும் ஆகுமா என்று நான் மடக்கினேன். சாச்சி என் கையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டையால் வந்த கோளாறு முதலில் வெறும் அரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் காதோரம் நீர் கோத்துக் கொப்புளம் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொள்ளும். பொன்னேரியில் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இந்தக் கறுப்புப் பொடியில் இருக்கிற மருந்து உங்கள் உடம்புக்கு ஆகவில்லை, போகப்போக அதிகமாகும், ஒருநாள் மூச்சுக்குழல் வீங்கினால் நான் பொறுப்பில்லை, இன்றோடு விட்டுவிடுங்கள் என்றார் அவர். சாச்சி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வீக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையை முன்னாடியே போட்டுக்கொண்டு அடித்தால் ஒன்றும் செய்யாதா என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் அப்படித்தான் செய்தாள். முதலில் மாத்திரை, பிறகு டை.

ஏரிக்கு அக்கரையில் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு நண்டுக்கார அக்கா எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டுவருவாள். அவளுக்கும் சாச்சிக்கும் ஒரே வயது. அவள் தலையோ முழு வெள்ளை. வீங்கின முகத்தோடு சாச்சி கதவைத் திறந்த ஒருநாள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னா மூஞ்சி இது, யாருக்கோசரம் இந்தப் பாடு?” என்று கேட்டாள். சாச்சி பதிலுக்கு, உனக்கு நரைத்ததைப் பற்றி உன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். அவள் நண்டைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, “அது தெனம் பாக்குதும்மா. தெனம் பாக்குற ஆளுக்கு நரைச்சதே தெரியல” என்றாள். அவள் போன பிறகும் சாச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற புருஷன் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே அந்த அக்கா மடி நிறைய மருதாணி இலை பறித்துவந்து கொடுத்தாள். பொன்னேரி நாட்டு மருந்துக் கடையில் நான் அவுரிப் பொடி வாங்கினேன். முதலில் மருதாணி போட்டு அலசிவிட்டு, அதன் மேல் அவுரி போட்டு ஊறவிட்டால் கறுப்பு ஏறும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். சாச்சிக்கு எங்கே பொறுமை? இரண்டையும் ஒன்றாய்க் குழைத்துப் பூசிக்கொண்டாள். தலை தேங்காய் நார் நிறத்தில் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் காற்றில் முக்காடு விலகி, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜன்னலில் இருந்த பிரஷ் மறுபடி கீழே இறங்கியது.

சாச்சா கடைசியாக வந்திருந்த சமயத்தில்தான் அது நடந்தது. வெள்ளிக்கிழமை. பூசி அலசிவிட்டு, அவர் ஆசையாக வாங்கிவைத்திருந்த ஏரி இறாலைத் தொக்கு செய்து, ருசி பார்த்து இறக்கியிருந்தாள். அவர் ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்ததும் சாச்சிக்குத் தொண்டை அடைத்தது. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கண் செருகிவிட்டது. ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வழி முழுக்க, திருப்பாலைவனம் ஊரைத் தாண்டிய பிறகும், சாச்சா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஊசி போட்டு அவள் கண் திறந்தபோது, எதனால் இப்படி ஆயிற்று என்று அவர் பதறிக்கொண்டு கேட்டார். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, “இறால் ஒத்துக்கலங்க” என்றாள்.

அவ்வளவுதான். அன்றோடு அந்த வீட்டில் இறால் நின்றது. ஏரி ஊரில் பிறந்து இறாலோடு வளர்ந்தவள், ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அதை விட்டாள். அவள் முன்னால் சாப்பிட மனசு வராமல் சாச்சாவும் விட்டார். துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு தினமும் வீடியோவில் பேசும்போது அவர் முதலில் கேட்பதே, இறாலைத் தொடவில்லையே என்பதுதான். சாச்சி இல்லையென்று தலையாட்டுவாள். அந்தச் சின்னச் சதுரத்தில் அவள் தலையில் முக்காடு இருக்கும். அவர் தலையில் வெள்ளைத் தொப்பி இருக்கும். பார்க்க வெகு லட்சணமாக இருக்கும் இரண்டு பேரும்.

ஒருநாள் அவர், உடம்பு முன்போல் இல்லை, விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றார்.  அன்று சாயங்காலம் சாச்சி என்னைக் கூப்பிட்டு, ஒரேயடியாக வருகிற ஆளிடமிருந்து எத்தனை வெள்ளிக்கிழமை ஒளிந்துகொள்வது என்று கேட்டாள். டை பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டாள். வேரிலிருந்து வெள்ளை இறங்கியது. சீயக்காய் மட்டும் போட்டுக் குளித்தாள். வெறும் தலையோடு கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். மிச்சமிருந்த கறுப்பு நுனியை வெட்டிவிடச் சொல்லி என்னிடம் கத்தரியைக் கொடுத்தாள். கத்தரித்து முடித்துப் பார்த்தேன். நெற்றித் தழும்பெல்லாம் ஆறி, முகம் தெளிந்து, சாச்சி அத்தனை அழகாக இருந்தாள்.  “வந்ததும் மொதல்ல முக்காட்ட எடுத்துருவேன். கோவப்பட்டா பட்டுக்கட்டும். அப்றமா இறால் கொழம்பு வச்சு அவருக்குப் போட்டு நானும் துன்னுவேன்” என்றாள். நண்டுக்கார அக்காவிடம் நல்ல இறாலுக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

டிக்கெட் எடுத்தாயிற்று. அவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, அறையில் தூக்கத்திலேயே அவருக்கு நெஞ்சு நின்றுபோனது. பெட்டியில்தான் வந்தார். அடக்கத்துக்கு முன்னால் முகத்தைத் திறந்து காட்டினார்கள். சாச்சியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். வேறு யாரையோ மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்றுதான் ஒரு நொடி எனக்குத் தோன்றியது. ஊரில் எப்போதும் கறுப்பாகவே பார்த்த முடி, துணிக்கும் நெற்றிக்கும் இடையில் தெரிந்த மட்டும் எல்லாம் வெள்ளை. மழிக்காத தாடை முழுக்க வெள்ளை. சாச்சி அழவில்லை. குனிந்து, நம்பாதவள்போல் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய பை பின்னால் வந்தது. கணவர் இறந்த பின் வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களில், அவரோடு அறையில் தங்கியிருந்தவர் கொண்டுவந்து கொடுத்தார். சாச்சியும் நானும்தான் பிரித்தோம். சட்டைகள், ஓதி எண்ணுகிற ஒரு தஸ்பீஹ் மணி, அவளுக்கு வாங்கியிருந்த அத்தர். ஷேவிங் பையின் அடியில், பாலித்தீன் கவரில் சுற்றி, ஒரு நீல டூத் பிரஷ். நார்கள் கறுத்து விறைத்திருந்தன. பக்கத்தில் பிரிக்காத டை பாக்கெட்டுகள். ஊருக்கு வருமுன் அடிக்கத்தான் வைத்திருந்திருக்கிறார். பழவேற்காட்டு சலூன்காரருக்கு வெட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டு, முடி வெட்ட அவர் ஏன் ஒவ்வொரு தடவையும் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போனார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாச்சி எழுந்து போய் ஜன்னலிலிருந்து தன் பச்சை பிரஷை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். “கட்னதுலேர்ந்து ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்லடி நாங்க” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.  

அதற்கப்புறம் சாச்சி பல வருடம் இருந்தாள். தலைக்கு எதையும் தொடவில்லை. நகத்தில் மருதாணி மட்டும் மாறாமல் இருந்தது. நண்டுக்கார அக்கா ஒருநாள் பொடி இறால் அல்லாமல் பெரிய இறாலாய்ப் பொறுக்கி எடுத்துவந்து, இனி யாருக்கு என்ன கணக்கு, ஆக்கித் தின்னு என்று வைத்தாள். சாச்சி அதை அப்படியே எனக்குக் கொடுத்து அனுப்பினாள். நீ ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். இறால் ஒத்துக்காதே என்றாள். என்னிடமே சொன்னாள், எல்லாம் தெரிந்த என்னிடமே.

போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. நெயில் பாலிஷ் இருந்தால் தண்ணீர் படுவதற்காக அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சாச்சியின் விரல்களில் சுரண்ட ஒன்றுமில்லை, மங்கின மருதாணிச் சிவப்புதான். வழக்கப்படி தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னி முதுகுப்பக்கம் விட்டேன். சிறு வயதில் நான் வகிடு பிரித்துக் கறுப்பு பூசிய அதே பின்மண்டை. இப்போது கையில் பஞ்சாக இருந்தது. இவ்வளவு அழகான முடியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

அந்த இரண்டு பிரஷ்களும் இப்போது மீஞ்சூரில் என் வீட்டில், குளியலறை ஜன்னலில் ஒரே டம்ளரில் நிற்கின்றன. துண்டு எதுவும் போட்டு மறைக்கவில்லை. எனக்கும் நரை வந்துவிட்டது. பக்கத்துத் தெரு பார்லர் பெண் பார்க்கும்போதெல்லாம், பத்து நிமிஷத்தில் கறுப்பாக்கிவிடலாம் அக்கா என்கிறாள். என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் தூங்கிய பிறகு வருவார், எழுமுன் போவார், ஒரே வீட்டிலேயே துபாய் மாதிரிதான். போன ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவப் போனவர், எதுக்கு இந்தக் கறுத்த பிரஷையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாய், தூக்கிப்போடக் கூடாதா என்று அங்கிருந்தே கேட்டார். நான் கூடத்து வெளிச்சத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முக்காட்டை எடுத்தேன். அது இருக்கட்டும், முதலில் இங்கே வந்து இதைப் பாருங்கள் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து பார்த்தார்.