சூரிய உதயத்துக்கு முன்னால் ஆறு வீடுகள்

இந்த நாட்டில் காலண்டரைக் கழிப்பறையில் மாட்டுகிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். ஹாலந்துக்கு வந்த முதல் வாரம், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் மாடியைச் சுற்றிக் காட்டியபோது கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் அது தொங்கியது. அதில் கிழமை கிடையாது, வருஷம் கிடையாது. சொந்தபந்தங்களின் பிறந்தநாள் மட்டும் பேனாவால் குறித்திருந்தது. தினமும் உட்கார்ந்து பார்த்தால் மறக்காதாம். நானோ திருத்தங்கலில் ஆஃப்செட் அச்சகத்தில் ஆறு வருஷம் முருகனையும் லட்சுமியையும் காலண்டரில் அடித்துத் தள்ளியவன். கீழே விழுந்த தாளை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன். "எங்கள் ஊர்க் காலண்டரில் சாமி இருக்கும்" என்றேன். "இதில் என் மாமியார் இருக்கிறார்" என்று மே மாதத்தைக் காட்டினார் அந்த அம்மாள்.

அதைக்கூடச் சகித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் முன்பே நாள் குறித்துவிடும் இவர்கள் பழக்கம்தான் என் கழுத்தை அறுத்தது. கோடை லீவை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டேன். பங்குனியில் ஊரிலிருந்து நண்பன் முருகேசன் போன் செய்தான்: தங்கச்சி செல்விக்குக் கல்யாணம், வைகாசியில் முகூர்த்தம். பார்த்தால், நான் லீவு முடிந்து ஹாலந்து திரும்பி வேலையில் சேர்ந்து ஐந்தாம் நாள். ஃபோர்மேனிடம் போய் நின்றேன். "உன் தங்கையா?" என்றார். "நண்பனின் தங்கை." அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படியானால் ஒரு கார்டு அனுப்பிவிடு" என்று என் பிரச்சினையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு மிஷின் பக்கம் நடந்தார். செல்விக்குக் கார்டாம்! பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் சோற்றுப் பானையைத் திறந்தவன் நான். முருகேசனின் அப்பா தவறியபோது ஊர் ஊராகப் போய்ச் சேதி சொன்னவனும் நான்தான்.

கல்யாணத்துக்கு இருக்க மாட்டேன் என்று சொன்னபோது, "சரி விடுலே" என்று போனை வைத்துவிட்டான் முருகேசன். நாலு வசவு வைதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த "சரி விடுலே" என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் ஊருக்குப் போனதும், கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கப் போகலாம் என்று நானே ஆரம்பித்தேன். படிக்கிற காலத்தில் போவோம் போவோம் என்று பேசிப் பேசியே போகாமல் விட்டது. முருகேசன், ஜெபராஜ், நான் மூன்று பேரும் சேர்ந்து ஒரு விடியலைப் பார்த்துவிட்டால் அவன் மனத்தாங்கல் கொஞ்சமாவது தீரும் என்று நம்பினேன்.

பள்ளிக்கூட வாத்தியாரான ஜெபராஜ், ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனைக் கேட்டு வாங்கி வந்தான். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, ராத்திரி வேம்பாரில் தங்கி, காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் நிற்பது என்று திட்டம். மூன்றே காலுக்கு முருகேசன் வந்தான். ஒரு கையில் பெரிய துணிப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகை. இன்னொரு கையில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னலே இது?"

"போற வழிதானலே. நாலஞ்சு வீடு. பத்திரிகைய வச்சுட்டு வந்துக்கிட்டே இருப்போம்."

போகிற வழி என்று சொன்ன மல்லாங்கிணறு, வேம்பார் வழியை விட்டு வடக்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் சிரிக்கலாம். முதல் வீடு விருதுநகரில், அவன் தாய்மாமன் வீடு. நானும் இறங்கினேன். முருகேசன் தடுத்தான். "மூணு பேராப் போகக் கூடாதுலே. நல்ல காரியம். நீ வண்டியில இரு." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஜெபராஜ், குங்குமமும் வெற்றிலையும் வைத்த தட்டைப் பெண்வீட்டு ஆளைப் போல ஏந்திக்கொண்டு படியேறினான். நான் வெந்துபோன வேனில், பட்டாசு மருந்து வாடைக்கு நடுவே, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹாலந்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் தன் கல்யாணக் கார்டை என் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று நேரம் போட்டிருந்தது. காலையிலேயே வந்து ஏதாவது ஒத்தாசை செய்யட்டுமா என்று கேட்டேன். அவன் பதறிப்போய், "பகல் நிகழ்ச்சி நெருங்கியவர்களுக்கு மட்டும்" என்றான். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. விருதுநகர் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, அவனாவது எத்தனை மணிக்கு முடியும் என்று சொன்னானே என்று தோன்றியது.

இரண்டாவது வீடும் விருதுநகரில்தான். திரும்பி வந்ததும் கேட்டேன்: "இதையெல்லாம் தபால்ல போட்டா என்ன?"

முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தபால்ல போட்டா வருவாகளாலே? வாசப்படி ஏறலையேன்னு செல்வி பிள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் சொல்லிக்காட்டுவாக."

மல்லாங்கிணற்றில் மூன்று வீடு. முதல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான், மூத்தவர் வீட்டுக்கு முதலில் வைக்காமல் இளையவர் வீட்டுக்கு வைக்கக் கூடாது என்று அங்கேயே ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். வைக்காமலே எழுந்து வந்து, மூத்தவரைத் தேடினால் அவர் காட்டு வேலைக்குப் போயிருந்தார். அவர் வந்து, குளித்து, சட்டை போட்டு வாங்கிக்கொண்டபோது இருட்டிவிட்டது. பிறகு மறுபடி இளையவர் வீடு, அப்புறம் மூன்றாவது வீடு. மறுபடி கலர் சோடா, மறுபடி மிக்சர். நான் வேன் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டேன்.

ஆறாவது வீடு முருகேசனின் அருப்புக்கோட்டைப் பெரியப்பா. அங்கே சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்ற என் பாச்சா பலிக்கவில்லை. பெரியப்பாவே தெருவுக்கு வந்து வேன் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க தம்பி. நல்ல காரியமா வந்தவுக பொழுது சாஞ்ச பெறகு வாசல் தாண்டக் கூடாது. சாப்பிட்டுப் படுங்க." மூன்று பேராகப் போகக் கூடாது என்பதெல்லாம் சோற்றுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. நான்கு மணிக்கு அலாரம் வைத்தேன். நான்கு மணிக்குப் பெரியம்மாவும் எழுந்து உளுந்தும் அரிசியுமாகப் புளித்திருந்த மாவை எடுத்துவிட்டார். "வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு என்னைய என்ன பேசும்?" என்றார். எங்கள் மூன்று பேர் வெறும் வயிற்றைப் பற்றி ஊர் எதற்குப் பேச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசி இட்லி இலைக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால்.

சூரியன் பந்தல்குடி தாண்டி ஒரு சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னால் உதித்தது. நான் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். முருகேசன் பின் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வேம்பார் கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. மீன் ஏலம்கூட முடிந்துவிட்டது. என்னால் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு விடியக்காலம் கேட்டேன்லே! அதக்கூட ஒன்னால குடுக்க முடியலயா? மூணு பேரு ஆகாதுன்னா ஜெபராஜ ஒக்கார வச்சுட்டு என்னைய ஒரு வீட்டுக்காவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

ஜெபராஜ் மெல்ல வேன் பக்கம் நகர்ந்தான். முருகேசன் மணலைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றான்.

"தட்டோட வந்தவன்கிட்ட, 'கல்யாணத்துல பாப்போம் தம்பி'ம்பாக. நீ என்னலே சொல்லுவ?"

நான் செருப்பைக் கழற்றி மணலை உதறினேன்.

"அப்பா இல்லாத வீடு. நீ இருந்திருந்தா இந்த ஏழு வீட்டுக்கும் நீதான் போயிருப்ப. நான் மண்டபத்துக்கும் கடைக்கும் அலைஞ்சிருப்பேன். ஒனக்கு ஒரு விடியக்காலம்தான் போச்சு." துணிப்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தான். உறையின் மேல், அவனுடைய உருண்டை எழுத்தில், "திரு. கணேசன் அவர்கள், ஹாலந்து" என்று இருந்தது.

"எனக்கு எதுக்குலே பத்திரிகை? நான் வீட்டு ஆளு."

"வீட்டு ஆளுன்னா பந்தியில நிக்கணும். வெளியாளுக்குத்தான் பத்திரிகை." என் சட்டைப் பையில் அதைச் செருகிவிட்டு வேனுக்கு நடந்தான். கடலை நான் சரியாகப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது, அவன்மீது கோபம் கோபமாக வந்தது, அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை.

ஏழாவது வீடு திரும்பும் வழியில், விளாத்திகுளத்தில். வேன் நின்றது. ஜெபராஜ் ஸ்டியரிங்கை விடவில்லை. "நான் எறங்கல. என் வயித்துல இனி ஒரு பூந்திக்குக்கூட எடம் இல்ல." முருகேசன் தட்டில் வெற்றிலையை அடுக்கி, பழத்தை வைத்து, என்னைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினான்.

நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்தார். முருகேசனுக்கு மாமா முறை. "வாங்க, வாங்க. இது யாருப்பா?"

"நம்ம வீட்டு ஆளுதான் மாமா" என்றான் முருகேசன்.

மாமா தட்டிலிருந்த பத்திரிகையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப சந்தோசம். கல்யாணத்துல பாப்போம் தம்பி."

என் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. சட்டைப் பையில் எனக்கு வைத்த பத்திரிகை துருத்திக்கொண்டிருந்தது. முருகேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமாங்க, பாப்போம்" என்றேன்.