லிஃப்ட் வாசலில் எலுமிச்சம்பழம்

எங்கள் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் ஏர்கான் மட்டும் என்றைக்கும் லீவு போட்டதில்லை. ஈப்போ வெயிலில் வெந்துபோய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி ஜில்லென்று இருக்கும். விளக்கு எரியும். மேசையில் பாதி குடித்த கோப்பி, மேலே ஆடை கட்டியிருக்கும். நாற்காலி முதுகில் ஒரு சட்டை தொங்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். இரண்டு மாதமாக அதே சட்டை, அதே கோப்பை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் புகார்ப் பெட்டியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே என் கையெழுத்து. நான் போட்ட கடிதங்கள் எல்லாம் மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தன.

வாட்சாப் குழுவிலும் இதே கதைதான். எழுதி அனுப்பிய நிமிடத்தில் நிர்வாகி படித்துவிட்டதாக நீலக் கோடு விழும். பதில் வராது. இத்தனைக்கும் வீட்டுக்காரர்கள் நாங்களே கூட்டம் போட்டு, கை தூக்கித் தேர்ந்தெடுத்த கமிட்டி அது. தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புகார் எல்லாம் லிஃப்டைப் பற்றித்தான். நான் இருப்பது மூன்றாவது மாடி. காலையில் பள்ளிக்கூட கெண்டீனில் சமையல், மதியம் இரண்டரைக்கெல்லாம் வீடு. எனக்குப் படி ஏறத் தெம்பு இருக்கிறது. என் தலைக்கு நேர் மேலே, நாலாவது மாடியில் இருந்த பாய்க்குத்தான் லிஃப்ட் இல்லாமல் ஆகாது. (சீனர்களுக்கு நாலு ஆகாது என்று பொத்தானில் அந்த மாடிக்கு '3A' என்று போட்டிருப்பார்கள்.) ஒரு காலத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. இரண்டு முட்டியும் போய்விட்டன. நோன்பு மாதத்தில் எனக்குக் கஞ்சி அனுப்புவார். தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுத்தால் "கடிக்கிறதுக்குப் பல்லையும் சேத்துக் குடு தங்கச்சி" என்பார்.

லிஃப்ட் கெட்டபோது அவர் ஊரில் இல்லை. பாரிட் புந்தாரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கையில் பட்டன் போன், அதனால் வாட்சாப் குழுவிலும் இல்லை.

முதலில் அது நடுவழியில் நின்று நின்று போனது. பிறகு தளத்துக்கு ஒரு முழம் கீழே நின்றுகொண்டு கதவைத் திறக்க ஆரம்பித்தது. டியூஷனுக்குப் போன சின்னப் பெண் ஒன்று கவனிக்காமல் காலை வைத்துக் குப்புற விழுந்து முகவாய் கிழிந்தது. அன்றைக்கே அட்டையில் 'ரோசாக்', அதாவது கெட்டுப்போய்விட்டது என்று எழுதி எல்லா மாடியிலும் ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் கிழித்தெறியப்பட்டிருந்தன. வாட்சாப்பில் நிர்வாகியிடமிருந்து முதல்முறையாக ஒரு பதில் வந்தது: 'சுவரிலும் கதவிலும் காகிதம் ஒட்டக் கூடாது.'

அடப்பாவிகளா!

காகிதம்தானே கூடாது? நான் செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு இடத்துக்கு ஆள் போகக் கூடாது என்றால் அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் வாசலின் இரண்டு பக்கமும் வைத்தேன். கொஞ்சம் மஞ்சள் துணி. எதிர்வீட்டு அக்கா கேட்டபோது குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒன்னு இருக்குக்கா. கட்டி வச்சிருக்கு. தாண்டாதீங்க" என்றேன். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. துப்புரவுக்கு வருகிறவள் அந்தப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை. மறுநாள் யாரோ சீனர் இரண்டு ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்திருந்தார். கட்டடம் கட்டும்போது ஒருவன் விழுந்து செத்தான் என்று கீழ்மாடிக்காரர் எனக்கே கதை சொன்னார். நான் வீட்டுக்குள் போய்ச் சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மின்சாரத்தை யாரும் நிறுத்தாததால் லிஃப்ட் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. மதியத்தில் கட்டடமே உறங்கும் நேரத்தில் என் மாடியில் கதவு திறக்கும். வெள்ளை விளக்கு, காலிப் பெட்டி, தரை ஒரு முழம் கீழே. கொஞ்ச நேரம் யாருக்கோ காத்திருப்பது போல நின்றுவிட்டு மூடிக்கொள்ளும். கம்பி மோதுகிற சத்தம் டொக் டொக்கென்று சுவருக்குள் கேட்கும். கம்பிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்த வாசலைக் கடக்கும்போது வேகமாக நடக்க ஆரம்பித்தேன். புகார் எழுதுவதையும் விட்டுவிட்டேன். பேய் இருக்கிற லிஃப்டுக்கு எவன் புகார் எழுதுவான்?

பாய் திரும்பி வந்த அன்று கீழே நாலைந்து பேர் நின்றிருந்தோம். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"என்ன தங்கச்சி இது, கடை போட்டுருக்கீங்களா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது பாய், கால் வைத்தால் விழுவீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் கட்டிய கதை அங்கேயே அவிழ்ந்துவிடும்.

"உள்ள ஆள் இருக்கு பாய். படியிலயே போங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு அதெல்லாம் இல்லலா. இந்தப் பழத்த ஜூஸ் போட்டுக் குடிச்சிருக்கலாம்." ஆனாலும் பெட்டியை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டதால் அன்று அவரும் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து போனார். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் வெளிறிப்போய் நின்றாள்.

"கேக்குதா?"

கேட்டது. டொக், டொக், டொக். நிறுத்தம். மறுபடி மூன்று. கம்பி இப்படி எண்ணி எண்ணித் தட்டாது. லிஃப்ட் கதவுக்குப் பின்னால், எங்கள் தளத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து வந்தது. நடுவில் ஒரு முனகல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. இல்லாததை இருக்கிறது என்றேனே, அதுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

வீட்டுக்குள் ஓடி, புதுப் பழமும் கற்பூரமும் எடுத்து வந்தேன். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. கதவருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன்: "உனக்கும் எங்களுக்கும் ஒரு வழக்கும் இல்ல. ஒனக்குப் படைக்கிறதப் படைச்சாச்சு. வந்த வழியே போயிரு!"

தட்டுவது நின்றது. உடனே நின்றது.

"அடங்கிருச்சு" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கிக் குடித்தேன். கொஞ்சம் தூங்கியும் போனேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பாய் மகளின் போன் வந்தது. "அத்தை, அத்தாவுக்கு மத்தியானத்துலேர்ந்து அடிக்கிறேன், லைன் போகவே மாட்டேங்குது. ஜும்மாவுக்குப் போனாங்க. வீட்டுல இருக்காங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்."

மேலே ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அவர் செருப்பு வாசலில் இல்லை. திரும்பினேன். எதிரே லிஃப்ட். அந்த வாசலில் நான் வைத்த பழம் இரண்டும் ஓரமாக, ஒழுங்காக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. வெளியே போகும்போது அவர்தான் நகர்த்தியிருக்க வேண்டும். அப்போதுதான் புரிந்தது. போகும்போது அதிலேயே எப்படியோ இறங்கிப் போய்விட்டார். வரும்போது ஏறி, நடுவில் மாட்டியிருக்கிறார்.

பொம்பா வண்டியைக் கூப்பிட்டு, தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை நெம்பும்வரை நான் எங்கள் மாடி லிஃப்ட் கதவில் அறைந்துகொண்டே இருந்தேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பெட்டி நின்றிருந்தது. பாய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஜிப்பா பிழிந்தெடுத்தது போல நனைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ரொம்ப நேரம் தட்டுனேன் தங்கச்சி. அப்புறம் ஒன் சத்தம் கேட்டுச்சு. என்னா சொன்னேன்னு வெளங்கல. ஆனா நீதான்னு தெரிஞ்சிச்சு. சரி, தங்கச்சி வந்துருச்சு, இனிமே அது பாத்துக்கும்னு தட்டுறத நிறுத்திட்டேன்."

எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

மகள் வந்து அவரைப் பாரிட் புந்தாருக்கே அழைத்துப்போய்விட்டாள். பெருநாளுக்குப் போன் செய்வார். "ஒன்னாலதான் பொழச்சேன்" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன்.

நிர்வாகியிடமிருந்து இரண்டாவது பதிலும் வந்தது: 'பொது இடத்தில் பழம், கற்பூரம் வைக்கக் கூடாது.' பழங்களைப் பொறுக்கப் போனேன். அக்கம்பக்கத்தார் விடவில்லை. இப்போதுதான் பயமே அதிகமாகியிருக்கிறது என்றார்கள். லிஃப்ட் இன்னும் அப்படியேதான் ஏறி இறங்குகிறது.

தினமும் மதியம் வேலை முடிந்து வந்ததும் அந்தக் கதவில் வாயை வைத்து, கட்டடமே கேட்கிற மாதிரி கத்துகிறேன்: "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" பைத்தியம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்குக் கற்பூரம் எடுக்க ஓடினேனே தவிர, இந்த மூன்று வார்த்தை என் வாயில் வரவில்லை.