மேடையில் மூன்று வாக்கியங்கள்

எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஆங்கில வாரம் வந்தது. பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ மேடையேறி, ஆளுக்கு மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் அதை என்னிடம் சொல்லவில்லை. என் நாத்தனாரிடம் போனில் சொன்னாள்.

"அத்தை, நீங்க வரீங்களா? அப்பாவுக்கு லோரி வேலை. அம்மா பேச மாட்டாங்க, கூச்சப்படுவாங்க."

நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்க வாய் வராமல் எழுந்து வருகிறவள் நான். நாத்தனாரோ ரவாங்கில் அலுவலக வேலையில் இருப்பவள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால், அம்மா பேச மாட்டாள் என்பது எட்டு வயதிலேயே என் மகளுக்கு முடிந்துபோன விஷயமாக இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. ஈரக் கையோடு வந்து போனை வாங்கினேன்.

"நீ வர வேணாம்மா. நானே போறேன்."

"நெசமாவா அண்ணி? மைக்கப் பிடிச்சிக்கிட்டு அழுவ மாட்டீங்களே?"

"அழுதாலும் இங்கிலீஷ்லயே அழுவுறேன், போ."

நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில். தோட்டத்துப் பள்ளியில் டீச்சர் ஒரு வரி சொல்வார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வோம். அப்படி நிறையச் சொற்கள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கோத்து நானாக ஒரு வாக்கியம் சொன்ன நினைவு இல்லை. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே, "மெஷின் நோ குட், யூ கம் லா" என்றால் நேப்பாளி சூப்பர்வைசர் ஓடி வந்துவிடுவார். எனக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்குப் போதவில்லை.

"அது வாக்கியமே இல்லம்மா."

வேலை முடிந்து வந்ததும் அவளுடைய பாடநூலை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். முதலில் யார், பிறகு என்ன செய்கிறார், கடைசியில் எதை. கேட்கச் சுலபம்தான். என் வாய் மட்டும், "ஐ ரைஸ் ஈட்" என்றே போய் நின்றது.

"ஈட் நடுவுல வரணும்மா."

"ஏன் நடுவுல?"

"அது அப்படித்தான் லா!"

அது எனக்கு மனதில் உட்காரவில்லை. மறுநாள் வேலையில் நின்றபோதுதான் உட்கார்ந்தது. எங்கள் வரிசையில் முதல் ஆள் பெட்டியை விரித்து வைப்பார். அடுத்த ஆள் கையுறைகளை அடுக்குவார். மூன்றாம் ஆள் மூடி ஒட்டுவார். யாரும் இடம் மாறி நிற்கக் கூடாது. நடு ஆள் தண்ணீர் குடிக்கப் போனால் வெறும் பெட்டி மூடிக்கொண்டு போகும். அட, இதுவும் அதுதானே என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"இங்கிலீஷ் படிக்கிறேன்."

"இந்த வயசுல வெள்ளைக்காரி ஆகப் போறீங்களா? நாளையிலேர்ந்து மேடம்னு கூப்பிடவா?"

"கூப்பிடு. இப்ப பெட்டிய ஒழுங்கா மூடு."

அன்று மாலை மேசையில் மூன்று குவளைகளை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். நடுக் குவளையைத் தொடாமல் மூன்றாவதுக்குப் போனால் மகள் மேசையைத் தட்டுவாள். கம்பெனி பஸ்ஸிலும் விரலால் மடியைத் தொட்டுத் தொட்டு முணுமுணுத்தேன். பார்த்தவர்கள் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாளுக்காக வேலை நேரத்தை மாற்றி வாங்கினேன். மண்டபம் நிறையப் பெற்றோர். பெரும்பாலும் என்னைப் போலத் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். எங்களை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். படித்து வைத்த வாக்கியம் வரவில்லை.

"குட்... மார்னிங்... டீ...ச்சர்..."

தோட்டத்துப் பள்ளியில் எழுந்து நின்று இழுத்துப் பாடுவோமே, அதே ராகம். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வாத்தியார் தோரணையில், "குட் மார்னிங்! சிட் டவுன்!" என்றது. உடனே பெற்றோர் எல்லாரும் சேர்ந்து, "தேங்க்... யூ... டீ...ச்சர்!" என்று அதே ராகத்தில் இழுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கம்மா, போலாம்."

என் காலும் அதற்குத்தான் தயாராக இருந்தது. பள்ளியில் அந்த வரியைப் பாடி முடித்ததும் உட்கார்ந்துவிடுவோம். அதற்கு மேல் என்னை யாரும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. இன்று இறங்கினால் அவள் போனில் சொன்னது உண்மையாகவே நின்றுவிடும். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஐ ஆம் ஹெர் மதர்."

சிரிப்பு ஓயவில்லை. ஓயும்வரை நின்றேன். முன்வரிசையில் இருந்த டீச்சரைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"ஐ ஆம் ஹெர் மதர். ஐ பேக் குளோவ்ஸ். வி ரீட் புக்ஸ்."

சொற்கள் அவற்றின் இடத்தில் நின்றன. பிறகு மகள் தன்னுடைய மூன்றையும் கடகடவென்று சொல்லி முடித்தாள். கைதட்டினார்கள்.

நாற்காலிக்குத் திரும்பியதும் அவள் என் காதருகே வந்தாள். "அம்மா, முதல் வாக்கியத்த ரெண்டு தடவ சொல்லிட்டீங்க."

"தெரியும். முதல் தடவ யாருக்கும் கேக்கல."

"டீச்சர் மார்க் கழிச்சிட்டா?"

"கழிச்சா கழிக்கட்டும்," என்றேன்.