ஆல்ரெடி

ஆங்கிலத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சொல் ‘ஆல்ரெடி’. ஒரு காரியம் முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். தமிழில் ‘ஏற்கெனவே’ இருக்கிறது. ஆனால் பேப்பரைத் தவிர வேறெங்கே அதைப் பார்த்தேன்? மலேசியாவில் எங்கள் ஈப்போ ஊரில் பேச்சின் தலையிலோ வாலிலோ ஆல்ரெடியை ஒட்டிவிடலாம். ‘சாப்ட்டாச்சு’ என்றாலே போதும். ஆனாலும் ‘ஆல்ரெடி சாப்ட்டாச்சு’ என்றால்தான் கேட்டவர் வாயை மூடுவார்.

என் வாயை மூடத்தான் என் வீட்டுக்காரர் அதை வைத்திருந்தார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகிவிட்டது. அதன் வழியாகத்தான் பத்து காஜா டவுனுக்குத் தினமும் பிள்ளைகளை ஏற்றிப் போவார். இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, வந்த பிறகு அவர் பேச்சு அந்த ஒரே சொல்லாகச் சுருங்கியது.

“மருந்து சாப்ட்டீங்களா?”

“ஆல்ரெடி.”

“கிளினிக் போனீங்களா?”

“ஆல்ரெடி லா. எத்தன வாட்டி கேப்ப?”

கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளும் காலுறையோடு நடந்தார். வெக்கையில் சட்டையையே கழற்றி எறிகிற மனுஷன்! கேட்டால், தரை குளிருதாம். ஒருநாள் துவைக்கப் போட்ட துணிகளில் அவருடைய வலது காலுறையில் மட்டும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

“காலக் காட்டுங்க.”

“ஆல்ரெடி மருந்து போட்டாச்சு.”

“கழட்டுங்க மொதல்ல!” என்று கத்தினேன்.

பெருவிரல் கறுத்திருந்தது. வீச்சம் குப்பென்று அடித்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, கிளினிக் பக்கமே போகவில்லை என்றார். போனால் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாம். அடப்பாவி மனுஷா!

ஆஸ்பத்திரியில் விரலை மட்டுமல்ல, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பிரேக் மிதிக்கிற கால். அது போனால் பஸ் போச்சு. பஸ் இல்லாமல் இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து செத்தே போவார். கவுன்டரில் பதிந்துவிட்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி வார்டுக்கு ஓடினேன். டாக்டர் வந்து போயிருந்தார். இவர் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் திரும்ப வரட்டும். வெரலோட நிறுத்திக்கலாமான்னு நானே கேக்குறேன்,” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆல்ரெடி கேட்டுட்டேன்மா. முடியாதாம்.”

அந்த ஒரு தடவையாவது அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?