காலி ஸ்டூலில் தொடங்கியவர்

என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஜப்பான் பேச்சா, தமிழ் டப்பிங்கா?" என்பது.

அவர் தன் பைக் சாவியை எங்கள் வீட்டு டிவி மேசையில் வைத்திருந்தார். அதில் ஒரு ரப்பர் பொம்மை தொங்கியது. மற்றவர்களுக்கு அது முடி சிலிர்த்த ஏதோ ஒரு பையன். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு அவன் யார், எந்தத் தொடர், எந்த எபிசோடில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தான் என்பது வரைக்கும் தெரியும். காபித் தட்டோடு நின்ற நான் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் என்று அவருடைய அத்தை நினைத்துக்கொண்டார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பெரியவர்கள் எங்களைப் பேசச் சொல்லி மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். என் கேள்வியைக் கேட்டதும் அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஜப்பான் பேச்சுதாங்க. கீழ எழுத்து ஓடணும். டப்பிங்ல அழுதா எனக்குச் சிரிப்பு வந்துருது."

பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன்.

அவர் இடைசெவல்காரர். விளாத்திகுளம் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆடு மாடுகளுக்கு ஊசி போடும் வேலை. நான் கோவில்பட்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். கழுகுமலையில் இருந்து தினமும் பஸ். போகவும் வரவும் சன்னலோர இடத்தைப் பிடித்து, போனில் ஏற்றி வைத்த எபிசோடுகளைப் பார்ப்பேன். சன்னலோரத்துக்கு நான் சண்டையே போடுவேன். அது எனக்கு வீட்டில் இருந்து வந்த பழக்கம்.

அனிமே என் தனிப் பைத்தியம் இல்லை. கோவில்பட்டியில் ஒன்றாகப் படித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்கம் எதுவும் அதில் கிடையாது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்த்துத் தொலைத்தோம் என்பது மட்டும்தான். அதற்குச் சட்டம் உண்டு. ஒருவர் சொன்ன தொடரை மூன்று எபிசோடு பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. முடிவை யாருக்கும் உடைக்கக் கூடாது. பாதியில் விட்டால் அதற்கு 'ட்ராப்' என்று பெயர். ட்ராப் செய்தவர் காரணம் சொல்லியே தீர வேண்டும். குழுவின் நீதிபதி விளாத்திகுளத்துக்காரி ஒருத்தி. வீட்டில் மிளகாய் விவசாயம். வற்றல் காயப்போட்டபடியே இருமி இருமிக் குரல் செய்தி அனுப்புவாள். நாங்கள் ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியதை, "ஜவ்வுட்டி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

மொட்டைமாடியில் நாங்கள் செய்த ஒப்பந்தமும் இந்தச் சட்டப்படிதான். அவர் ஒரு தொடர் சொல்வது, நான் ஒன்று சொல்வது, பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி பேசுவது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று கீழே அவருடைய அத்தை என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று, எங்களுக்கும் அதுவே கெடு.

அவர் சொன்னது ஓட்டப்பந்தயத் தொடர். நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்வதில்லை.

என் தொடரில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு மலையூர் ரயில் நிலையம். அதில் ஒரு நூடுல்ஸ் கடை. அக்கா தம்பிகளாக நாலு பேர் நடத்துகிறார்கள். மூத்தவள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், சமைக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்தே சமைப்பாள், வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பாள். முதல் சீசனின் கடைசியில் அவள் நோயில் இறந்துவிடுகிறாள். இரண்டாம் சீசனில் மற்ற மூன்று பேர். ஸ்டூல் காலி. தினமும் காலையில் அதன் முன்னால் ஒரு கிண்ணம் வைப்பார்கள். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம், நமக்குத்தான் தெரியுமே.

முதல் சீசனை நான் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா. இரண்டாம் சீசனைப் பார்க்கும்போது அப்பா இல்லை. அதனால் அந்தத் தொடர் எனக்குத் தொடராக மட்டும் இல்லாமல் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து அவரை அளப்பேன். தப்புத்தான், ஆனால் அப்படித்தான். ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களிடம் இதைப் பற்றிப் பேச வாயே வரவில்லை. அனிமே பார்ப்பேன் என்றதும் ஒருவர் பொம்மைப் படமா என்று கேட்டுச் சிரித்தார், அதோடு சரி.

அன்று இவர் வீட்டுக்காரர்கள் கிளம்பும்போது அவருடைய அத்தை சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து, "அவியளுக்கு என்ன நோவு?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். யார் வந்தாலும் இதே கேள்வி, இதே பதில். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், கடைசியில் பேச்சு இருந்ததா. அவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை கூப்பிட்ட பிறகுதான் செருப்பை மாட்டினார்.

மறுநாளில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய ஓட்டப்பந்தயத்தைப் பஸ்ஸில் பார்த்தேன். ஒரு பந்தயம் முடிய ஆறு எபிசோடு. அதற்குள் கழுகுமலையில் இருந்து சங்கரன்கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். ஓடுகிறவன் ஒவ்வொரு அடிக்கும் தன் வாழ்க்கையை யோசிக்கிறான். சட்டப்படி மூன்று எபிசோடு தாண்டிவிட்டு, "ஓடுறதை விட யோசிக்கிறது ஜாஸ்தி" என்று அனுப்பினேன். "உண்மைதான். ஆனா கடேசி வரைக்கும் பாருங்க, ஜெயிக்கானா தோக்கானான்னு உங்களுக்கு மறந்துரும்" என்று பதில் வந்தது. நல்ல பதில். ஆனால் எனக்கு வேண்டியது அதில்லை. என் தொடர் என்ன ஆயிற்று? மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் கோவில்பட்டியைத் தாண்டும்போது செய்தி வந்தது.

"மூணு எபிசோடு ஆச்சு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தக் காலி ஸ்டூல் யாருதுன்னு சொல்லவே மாட்டேங்காங்க. சொல்லாம இருக்கதுதான் நல்லா இருக்கு."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் எபிசோடில் ஏது காலி ஸ்டூல்? பிறகுதான் விளங்கியது. இரண்டாம் சீசனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இரண்டு என்று எண் போடவில்லை. தேடினால் புதியதுதான் முதலில் வந்து நிற்கும். அவர் நேராக இரண்டாம் சீசனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அனிமே பார்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற கிறுக்குத்தனம்தான். ஆனால் என் தொடரில், இந்த வாரத்தில், இவரா செய்ய வேண்டும்? எனக்கு வந்த கோபத்தில் சன்னல் கண்ணாடியைப் படாரென்று சாத்தினேன். பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கருத்து. முழுக்கதையும் கெட்டது என்றான் ஒருவன். ரிவர்ஸில் பார்த்தாலும் ஒரு ருசி இருக்கும் என்றான் இன்னொருவன். நீதிபதியின் இருமல் கேட்டது.

"ஏட்டி, எது முதல்னு பாக்காமத் தொடங்குத ஆளு நாளைக்குப் பஸ்ஸ மாத்தி ஏறிருவாரு. ஆனா ஒண்ணு. அந்த ஸ்டூலப் பத்தி அவரு சொன்னத நம்ம ஒருத்தரும் சொல்லலட்டி. நமக்குத்தான் விஷயம் தெரிஞ்சுபோச்சே."

அது எனக்கு உறைத்தது. அதனாலேயே அவள் மேலும் கோபம் வந்தது.

அவருக்கு எழுதினேன். இதற்கு முந்தி ஒரு சீசன் இருக்கிறது, நீங்கள் பார்ப்பது பின்னால் நடக்கிற கதை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அதுல அந்த ஸ்டூல்ல இருந்த ஆளு இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்ப பாக்குதேன்."

அதோடு சத்தம் இல்லை. புதன்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான தாயி, ஒரே கண்ணாடியத்தான திருப்பித் திருப்பிப் போடுத" என்றார் அவர். உண்மைதான். வீட்டில் அம்மா அதற்கு மேல். சோறு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள்.

"என்னட்டி சொல்லுத? பையன் நல்ல மாதிரியாத்தான தெரியுதான்."

"பாத்துட்டுச் சொல்லுதேம்மா."

"அன்னைக்கே பாத்தியே, இன்னும் என்ன பாக்கணும்?"

வியாழக்கிழமை மதியம் அவருடைய செய்தி வந்தது. "பாதிக்கு மேல போக முடியல. நிறுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

ட்ராப். என் தொடரை. சாயங்காலம் கழுகுமலை வருகிற வரைக்கும் பஸ்ஸில் எதையும் பார்க்கவில்லை. வெளியே விதைப்புக்கு உழுது போட்ட கரிசலும் ஆட்டுக் கூட்டமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், "வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன்.

அம்மா மாவுக் கையோடு எழுந்து நின்றாள். "என்ன கொறை கண்ட?"

என்ன சொல்வது? பாதியில் விட்டுவிட்டார் என்றா? அம்மாவுக்கு அது ஒரு பொம்மைப் படம். எனக்கு அது அந்த வராந்தா. அதைப் பாதியில் விட்டவரோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பேன் என்று நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. அம்மா காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாள் இருக்குல்ல. நாளைக்குச் சொல்லிக்கிடுவோம்" என்று கையைக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி, ஒரு அக்காவோடு மல்லுக்கட்டிச் சன்னலோரத்தைப் பிடித்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் அவருக்குப் போன் போட்டேன். கல்யாணம் பேசப் போடவில்லை. ட்ராப் செய்தவர் காரணம் சொல்ல வேண்டும், அது சட்டம்.

அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின. ஏதோ ஒரு தொழுவத்தில் நின்றார்.

"எதுக்கு நிறுத்துனீங்க? ஜவ்வா இருந்துச்சா?"

"ஐயோ, அப்படி இல்லங்க." யாரையோ ஆட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தள்ளி வந்தார் போல, கத்தல் குறைந்தது. "அவ சிரிச்சிக்கிட்டே இருக்கா. அடுத்து என்ன நடக்கும்னு நமக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. நான் போனக் கவுத்து வச்சிட்டேன். முதல்ல இருந்து பாத்திருந்தா முடிவு வரைக்கும் பாத்திருப்பேன். இப்ப முடியல. அந்தக் கடேசி எபிசோடுகள நான் பாக்கலன்னா அவ அந்த ஸ்டூல்லயே இருந்துட்டுப் போறா. எனக்கு அவ எப்படி இருந்தான்னுதான் தெரிய வேண்டியிருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேன்."

குழுவில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை. அவர் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டார் போலும், அவசரமாகப் பேசினார்.

"இன்னொண்ணும் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு உங்க வீட்ல எல்லாரும் அப்பாவுக்கு என்ன நோவுன்னு பேசுனாவ. எப்படி இருப்பாவன்னு ஒருத்தரும் சொல்லல. படத்துல வேற ஒரே முறைப்பா இருக்காவ. நெசத்துல அவிய எப்படி?"

எங்கள் வீட்டுக்குள் இனிமேல் யார் வந்தாலும் இரண்டாம் சீசனில் இருந்துதான் பார்க்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. காலி இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்தவரைக் கேட்கிற ஆள் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் கடைசி எபிசோடை மட்டும் கேட்டார்கள். நானும் அதையேதான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா, இடத்துக்காக என்னைத் திட்டித் தீர்த்தவர், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"முறைப்பா? அவியளா?" என்று தொடங்கினேன். "பஸ்ல சன்னலோரத்துக்குச் சின்னப் பிள்ளை மாதிரிச் சண்டை போடுவாவ. என்கிட்டயே போடுவாவ. ஒரு தரம் நான் விட்டுக்குடுக்கலன்னு, டிரைவருக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டு, எம்பிள்ளையக் கீழ எறக்கி விடுங்கன்னு..."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா வாங்கிய பச்சைக் குடை, சைக்கிளில் ஆட்டோடு மோதிவிட்டு ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டது, தும்மினால் தெருவே திரும்பும் தும்மல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமே பேச்சு போகவில்லை. எந்த ஊர் வந்தது, எது போனது என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர் வந்து தோள் பக்கம் கம்பியைத் தட்டினார்.

"ஏம்மா, கோவில்பட்டி வந்து எம்புட்டு நேரமாச்சு. எறங்கலையா?"

பஸ்ஸில் யாரும் இல்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.