எதிர்த்துக் கட்டுகிற மனுஷன்

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் ஒரு குதிரை ஜெயிக்கும் என்று சொன்னதில்லை. எது தோற்கும் என்றுதான் சொல்வார். கேட்டால், "கெலிக்கிறதை ஆண்டவன் பாத்துப்பான், தோக்கிறதை நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு பதில். இப்படிப் பேசுகிற ஆளோடு ஆயுசில் பாதியைக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குக் கோயில் கட்ட வேண்டாம், ஒரு மாலையாவது போடலாம்.

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் தோணிரேவில் அந்தக் காலத்தில் பாதி ஆம்பளைகளுக்கு ரேஸ் பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்து பேப்பரில் குதிரைப் பக்கத்தை விரித்துவிடுவார்கள். அப்புறம் பொன்னேரி பஸ், அங்கிருந்து ரயில், கிண்டி. போகிறவர்கள் எல்லாரும் பேர்போன குதிரையாகப் பார்த்துத்தான் கட்டுவார்கள். அதை ஃபேவரைட் என்பார்கள். ஊரே அதன்மேல் கட்டுவதால், ஜெயித்தாலும் கைக்கு வருவது டீச்செலவுக்குத்தான் காணும். இவர் மட்டும் அந்த ஃபேவரைட்டுகளில் எது சொத்தை என்று தேடுவார். போன தடவை சின்ன ஓட்டத்தில் ஜெயித்ததை இப்போது நீள ஓட்டத்தில் விடுகிறார்களா, முதுகில் எடையை ஏற்றியிருக்கிறார்களா, மேலே உட்கார்கிற ஜாக்கியின் பேருக்காகத்தான் கூட்டம் மொய்க்கிறதா, ஓடுவதற்கு முன்னாலேயே அதற்கு வேர்த்து ஊற்றுகிறதா என்று பார்ப்பார். சொத்தை என்று பட்டுவிட்டால் அதை விட்டுவிட்டு, அதே ஓட்டத்தில் யாரும் சீந்தாத வேறு குதிரைகள்மேல் கட்டுவார். எல்லாம் ஏரியில் இறால் பிடித்துக் கற்ற புத்தி.

"நேத்து ஒருத்தனுக்கு எறா பட்ட எடத்துக்கே இன்னிக்கு அத்தனை படகும் போவுது. எறா இன்னா, நமக்காக அங்கயே குந்திக்கினு இருக்குமா?" என்பார்.

என் அண்ணன் இதற்கு நேர் எதிர். பேர்போன குதிரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்பார்கள், வழி முழுக்கச் சண்டை போடுவார்கள். அம்மாவும் நைனாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன் வீடு ஒன்றுதான். மனசு சரியில்லை என்றால் நான் நேராக அங்கே போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்வேன். காரணம் கேட்க மாட்டாள். சோறு மட்டும் போடுவாள்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட்டுவிட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அப்படிக் கிடைக்கிற முறைக்குப் பாடு என்று பேர். மாசி அமாவாசைக்கான சீட்டில் அண்ணனுக்கு முகத்துவாரத்துப் பாடு விழுந்தது. கடல் ஏரிக்குள் வருகிற வாய் அது, அமாவாசைக்கு எறா கடலுக்குப் போகிற வழியும் அதுதான். தை அமாவாசையில் அங்கே வலை போட்டவனுக்கு எறா வாரி வாரிக் கொடுத்திருந்தது. அதனால் ஊர் முழுக்க அதே பேச்சு, எல்லாருக்கும் அதன்மேல் கண். இவருக்கு விழுந்தது உள்ளே தெற்கே சேற்றுப் பக்கம். சீட்டைப் பார்த்ததிலிருந்தே மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் ஓடப்போகிற ஒரு குதிரையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மச்சான், அது வராது. சின்ன ஓட்டக் குதிரையை நீள ஓட்டத்துல வுட்டுக்கிறான்" என்றார் இவர்.

"வராதா? மெட்ராசே அது மேலதான் கட்டுது. அவ்ளோ தெனாவெட்டுன்னா உன் பாட்டை வை, மாப்ளே."

"வெச்சேன். அது கெலிச்சா என் பாடும் உனக்குத்தான். தோத்தா, நீ என் சேத்துக்குப் போ, நான் உன் முகத்துவாரத்துக்குப் போறேன்."

"இன்னாய்யா பேச்சு இது, பாட்டை வெச்சுச் சூதாடுவீங்களா ரெண்டு பேரும்?" என்று கரண்டியோடு ஓடி வந்தேன். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கையடித்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டை நம்பித்தான் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு நலுங்கு வைக்க வேண்டிய அத்தை நான். விஷயம் தெரிந்து விடிகாலையில் அண்ணி என் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உன் புருஷன் எங்க அமாவாசையைப் புடுங்கிக்கினான்னு வெய்யி, அதுக்கப்புறம் என் வாசப்படி மிதிக்காதமே" என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாமி முன்னால் நின்றால், என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. குதிரை ஜெயித்தால் என் அடுப்பு அணையும், தோற்றால் என் பிறந்த வீடு மூடும். கடைசியில் ஜெயிக்கட்டும் என்றே வேண்டிக்கொண்டேன். சோறு இல்லாவிட்டால் கஞ்சி குடிக்கலாம். அண்ணன் வீடு இல்லாவிட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்?

ரேஸ் முடிந்து இருவரும் காசிமேட்டில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தார்கள். அண்ணன் முன்வாசலில் இறங்கினான், இவர் பின்வாசலில் இறங்கினார். அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. குதிரை பாதி ஓட்டத்திலேயே மூச்சு வாங்கிப் பின்னால் போய்விட்டதாம். சொன்ன சொல் தவறாதவன் என் அண்ணன். ஊர்ப் பெரியவர்களிடம் போய், "நாங்க ரெண்டு பேரும் பாட்டை மாத்திக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். அண்ணி குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஊரில் எல்லா வீட்டுக்கும் சடங்குக்குச் சொன்னாள், என் வீட்டைத் தாண்டிப் போனாள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவர் என்னைப் பார்க்காமல் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அமாவாசை வந்தது. மாப்பிள்ளை மாதிரி முகத்துவாரத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது படகில் பாசியும் நாலைந்து நண்டும்தான் இருந்தன. முகத்துவாரத்தில் மண் ஏறி வாய் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கடல் தண்ணீரும் உள்ளே வரவில்லை, எறாவும் வெளியே போகவில்லை. போகாத எறா எல்லாம் எங்கே போய்க் கிடந்தது? உள்ளே தெற்கே, சேற்றில். அண்ணனுக்கு ஒரு படகு போதவில்லை, இன்னொரு படகைக் கூப்பிட்டு ஏற்றினானாம்.

"இன்னாப்பா, கடசில நீயும் ஃபேவரைட்லதான் கட்டினியா?" என்று கரையில் ஒருவர் கேட்க, ஏலம் எடுக்க வந்த பெண்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரை நானும் சும்மா விடவில்லை. "ஊர்ல இருக்கிற பேர்போன குதிரையெல்லாம் சொத்தைன்னு கண்டுபுடிப்பே. பேர்போன பாட்டைப் பாத்ததும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கினு போயிட்டியே! முன்னாடியே ஒரு நட போயி அந்த மண்ணைப் பாத்தியா?"

"நீயும் ஆரம்பிக்காதடி" என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அண்ணி உள்ளே வந்தாள். ஒரு கூடை எறாவை என் முன்னால் இறக்கி வைத்தாள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளன்னிக்கிச் சடங்கு. நலுங்கு வெக்க அத்தைக்காரி வரலன்னா எம்பொண்ணு இன்னா அனாதையா? ஆஞ்சி வெச்சுட்டு வா" என்றாள். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது, உதறினாள், நான் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் மறுபடி ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு கிண்டிக்குப் போனார்கள். வெகு காலம் அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு ஒருவரும் பாட்டை மட்டும் வைக்கவில்லை.

அண்ணன் செத்த பிறகு இவர் ரேஸை விட்டுவிட்டார். ஒரு காலத்தில் நான் எத்தனை திட்டியும் விடாத ரேஸ். சனிக்கிழமை ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "ஒரு நட போய்ட்டுத்தான் வாயேன்யா" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"யார் கூடப் போறது? அவன் ஒரு குதிரையைச் சொன்னாத்தான் எனக்கு அதும்மேல கண்ணே போவும்" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீக்கடையில் பேப்பர் வாங்கினேன். எல்லாரும் எதன்மேல் கட்டுகிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டு, அந்தக் குதிரை பேர்மேல் விரலை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பேப்பரை அவர் மடியில் போட்டேன்.

"இதான் கெலிக்கும். எங்க அண்ணன் இருந்தா இதும்மேலதான் கட்டியிருப்பான்."

நான் காட்டிய பேரைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உங்க குடும்பத்துக்கே கண்ணு கெடையாதுடி. இது மேல எவ்ளோ எடை ஏத்திக்கிறான், பாத்தியா நீ?" என்று கண்ணாடியைத் தேடினார். அன்றைக்கு முழுக்க அந்தக் குதிரையைத் திட்டிக்கொண்டே இருந்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.