வடகிழக்கு மூலையில் செண்பகம்

வெட்டவெளியில் நின்று, இன்னும் கட்டாத வீட்டைக் காட்டும் வேலைதான் மனைத் தரகு. ஓசூர்ப் பக்கம் இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி

கெலமங்கலம் ரோட்டில் ஒரு மனை. பெங்களூரிலிருந்து வந்த அம்மாள் காரை விட்டு இறங்கினார். ரோடு அகலத்தையும் கேட்கவில்லை, போர்வெல் ஆழத்தையும் கேட்கவில்லை. புளியமரத்தைக் காட்டி, "குட்ரூ, குட்ரூன்னு கத்துதே, அது என்ன பறவை?" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காக்காயும் குயிலும்தான். துணிந்து, "குயில்தாங்கம்மா" என்றேன்.

அவர் திரும்பிக் கார் கதவைத் திறந்தபடி சொன்னார்: "பறவையிலேயே பொய் சொல்றீங்க, பட்டாவுல என்ன சொல்வீங்களோ!"

வீட்டுப் பரீட்சை

சுருக்கென்று தைத்தது. பறவைக் குரல் பதிவுகளைப் போனில் இறக்கினேன். புளியமரத்தில் கத்தியது குக்குறுவான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மற்றவைதான் பிடிபடவில்லை. சவரம் செய்யும்போது மாங்குயில், சாப்பிடும்போது தையல்சிட்டு என்று வீடு முழுக்க ஒரே கூச்சல்.

என் மனைவி சரசுவுக்கு மோட்டார் பாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஒருநாள் தூக்கம் கெட்டு எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். "மிஷின் சத்தத்துலகூட தூங்கிருவேன், இந்தச் சத்தத்துல முடியல. திரும்பி உக்காருங்க, நான் போடறேன், நீங்க பேரைச் சொல்லுங்க. சீக்கிரம் பாஸ் பண்ணித் தொலைங்க!"

போன் போட்ட சண்டை

அஞ்செட்டிப் பக்கம் ஒரு நிலத்தில் கொஞ்சம் அதிகமாகவே துள்ளிவிட்டேன். வந்தவர்களை அசத்த, போனில் ஆள்காட்டிப் பறவையின் குரலைச் சத்தமாகப் போட்டேன். நிஜ ஆள்காட்டிகள் ஜோடியாக வந்து எங்கள் தலைமேல் பாய்ந்தன. எல்லோரும் காருக்கு ஓடினோம்.

நிலத்துக்காரர் முனிராஜ் கத்தினார்: "போனை நிறுத்துண்ணா! குஞ்சு வெச்சிருக்குது, வாங்கறவனையும் தொரத்துது, விக்கறவனையும் தொரத்துது!"

பார்த்த மனை

அதன்பின் போனைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. காது மட்டும்தான்.

குந்தாரப்பள்ளி அருகே ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். மனைவி கறுப்புக் கண்ணாடியோடு காருக்குப் பக்கத்திலேயே நின்றார். சில வருஷமாகப் பார்வை இல்லையாம். "எல்லாரும் அடிக்கணக்குதான் சொல்றாங்க. இங்க என்ன இருக்குதுன்னு யாரும் சொல்லல" என்றார்.

நானும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னேன்.

"வலது பக்கம் குழல் மாதிரி ஊதறது மாங்குயிலுங்கம்மா, அங்க ஆலமரம். பின்னால வேலியில தையல்சிட்டு. தூரத்துல ஆள்காட்டி, அந்தப் பக்கம் ஏரி. வடகிழக்கு மூலைப் புதர்ல ஊப் ஊப்புங்கறது செண்பகம், செம்போத்துன்னும் சொல்வாங்களே, அந்தப் பறவை."

சொல்லச் சொல்ல அவர் முகம் அந்தந்தத் திசைக்குத் திரும்பியது. அப்போது ஆலமரத்திலிருந்து வல்லூறின் அலறல். கணவர் நிமிர்ந்தார். துணிந்து சொல்லிவிட்டேன்: "வல்லூறு இல்லைங்க, கரிச்சான் அது மாதிரி கத்திக் காட்டுது."

அடுத்த நொடி இரட்டைவால் ஆட, கரிச்சான் வெளியே பறந்தது. "அட, கரிச்சானேதான்!" என்று கணவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த அம்மாள் கணவர் கையைப் பிடித்துச் சொன்னார்: "இத்தனை மனைக்குக் கூட்டிட்டுப் போனீங்க, இது ஒண்ணைத்தான் நான் பார்த்தேன். இதையே முடிச்சிருங்க."

இப்போதெல்லாம் மனை காட்டப் போனால் வாங்க வந்தவர் வாஸ்து பார்க்கிறார், நான் மரத்தைப் பார்க்கிறேன், சரசு மட்டும் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.